வீட்டில் சொல்லலாமா?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் காத்திவாக்கத்தில் எனக்கு ஒரு புதிய உத்தியோகம் வந்து சேர்ந்துவிடும். சம்பளமில்லாத உத்தியோகந்தான். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னிடம் அழைத்துக்கொண்டு வருவார்கள். "நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்க" என்பார்கள். மளிகைக் கடைக்காரரிடம் உப்பு இருக்கும் என்பதுபோல, கதை எழுதுகிறவனிடம் நல்ல வார்த்தைகள் கையிருப்பில் இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

நானும் பல வருஷங்களாகச் சொல்லி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒழுங்காகப் படி, நேரத்தை வீணாக்காதே, தாய் தகப்பன் படும் பாட்டை நினைத்துக்கொள் என்றெல்லாம் சொல்வேன். பெற்றவர்கள் மனம் குளிர்ந்து எழுந்து போவார்கள். அவர்கள் போன பிறகு எனக்குச் சிறிது நேரம் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. ஏனென்றால், நான் கல்லூரிப் படிப்பை முடிக்காதவன். இரண்டு வருஷம் படித்தேன். மூன்றாவது வருஷத்தில் நின்றுபோனேன். என் புத்தகங்களின் பின்னட்டையில் 'கல்லூரியில் பயின்றவர்' என்று அச்சாகியிருக்கிறது. அது பொய்யல்ல. ஆனால் உண்மை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இந்த வருஷம் வந்தவர் நெட்டுக்குப்பத்து நண்பர். பைபர் படகு வைத்திருக்கிறார். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்திலும் கடலிலும் தொழில். 2023-ஆம் வருஷம் டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் கலந்தபோது அவருடைய வலைகளெல்லாம் தார் பூசியதுபோல் கறுத்துப் போயின. அந்தக் கடன் இன்னும் முழுவதும் தீரவில்லை. அவருடைய மூத்த பெண் அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள். பாரதி மகளிர் கல்லூரியில் கணிதத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதிக்கும் முதல் ஆள் அவள்தான்.

"அண்ணே, இதுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. பஸ்ஸு, ரயிலு எல்லாம் தனியா போவணும். மாசம் ஆயிரம் ரூபா கவர்மெண்டு குடுக்குதாம். மீதிய நான் பாத்துக்குவேன். அது படிச்சாப் போதும்" என்றார்.

அவர் சொன்ன ஆயிரம் ரூபாய், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்துப் பணம். 2022-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்ததே இதே பாரதி மகளிர் கல்லூரியில்தான். நான் அதைச் சொன்னேன். அவருக்கு அளவில்லாத சந்தோஷம். மகள் என்னவோ பெரிய கோவிலில் இடம் பிடித்துவிட்டதுபோல் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

வழக்கமான வார்த்தைகளை நான் ஆரம்பித்தேன். பாதியில் அவருக்குப் போன் வந்தது. டீசலைப் பற்றி யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டார். அந்தப் பெண் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"மாமா, நான் ஃபெயிலாயிட்டா வீட்ல சொல்லலாமா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. எப்படிப் படிப்பது என்று கேட்ட பிள்ளைகள் உண்டு. என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டவர்கள் உண்டு. இப்படி யாரும் கேட்டதில்லை. இன்னும் வகுப்பில் காலே வைக்கவில்லை. அதற்குள் தோல்வியைப் பற்றிக் கேட்கிறாளே என்று முதலில் தோன்றியது. பிறகு புரிந்தது. அவள் கேட்டது தோல்வியைப் பற்றி அல்ல, பொய்யைப் பற்றி.

"சொன்னா, வர்ற தையில கல்யாணத்தப் பண்ணிடுவாங்க. எங்க சித்தப்பா பொண்ணுக்கு அப்படித்தான் ஆச்சு. அப்பவும் சொல்லணுமா?" என்றாள்.

"யோசித்துச் சொல்கிறேன், அம்மா" என்றேன். இருபத்தைந்து வருஷங்களாக நான் யோசிக்காமல் தள்ளிப் போட்டுவந்த கேள்வி அது. அதற்கு என் கதையைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

என் தகப்பனார் எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் சுமை ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. ஆலைச் சங்குதான் கடிகாரம். தமிழில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய நான் 1997-இல் இயற்பியல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. ஆசிரியர் நல்லவர்தான். அவ்வப்போது நிறுத்தி, புரிகிறதா என்று கேட்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன்.

கல்லூரியில் நான் சொன்ன முதல் பொய் அந்தத் தலையாட்டல்தான். வாயைத் திறக்காமல் சொன்ன பொய். அதற்கு அப்போது விலை எதுவும் கொடுக்கவில்லை. ஆகவே பொய் என்றே தோன்றவில்லை. வருஷக் கடைசியில் மூன்று பாடங்களில் தோற்றேன். வீட்டில் "பாஸ்" என்று சொன்னேன். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். இரண்டாம் வருஷ முடிவில் பாக்கி ஏழு பாடங்களாயிற்று. மூன்றாம் வருஷத்தில், ஜூலை மாதம் ஒரு நாள் கல்லூரி வாசல்வரை போய்விட்டு, உள்ளே நுழையாமல் திரும்பினேன். மறுநாளும் அப்படியே. அதன் பிறகு வாசல்வரைகூடப் போகவில்லை.

ஆனால் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புவது மட்டும் நிற்கவில்லை. அம்மா விடியற்காலையில் எழுந்து சோறு வடித்து டப்பாவில் கட்டிக் கொடுப்பாள். காத்திவாக்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறுவேன். சில நாள் ராயபுரத்தில் இறங்கி அந்தப் பழைய ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருப்பேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம் அது. எங்கும் போகாத ஒருவன் உட்காருவதற்கு ஏற்ற இடமல்ல. பல நாள் எழும்பூருக்குப் போய்க் கன்னிமாரா நூலகத்தில் பொழுதைக் கழிப்பேன். மத்தியானம் வெளியே மர நிழலில் டப்பாவைத் திறப்பேன். சாயங்காலம் ரயிலேறி, "இன்றைக்கு ஸ்பெஷல் கிளாஸ்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவேன்.

ஒரு பொய் தனியாக வாழாது. அதற்குத் துணைக்கு ஆள் வேண்டும். பரீட்சைக் கட்டணம் கட்டும் மாதம் வந்தது. கேட்காமலிருந்தால் சந்தேகம் வரும், ஆகவே கேட்டேன். அம்மா கம்மலைச் சேட்டுக் கடையில் வைத்து நானூற்றைம்பது ரூபாய் கொடுத்தாள். அதைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்தேன்.

2000-ஆம் வருஷம் ஜனவரியில், போகிக்கு முதல் நாள் அம்மா பழைய காகிதங்களை ஒழித்தாள். அட்டைக்குள்ளிருந்து பணம் விழுந்தது.

அம்மா திட்டவில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்தச் சோத்த எங்கடா உக்காந்து தின்ன?" என்றாள். அதற்கு நான் சொன்ன பதிலைக் கேட்டு அழுதாள். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்த அப்பா, முகம்கூடக் கழுவாமல் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்:

"தோத்ததச் சொல்லியிருந்தா நான் என்னடா பண்ணியிருப்பேன்?"

"அடிச்சிருப்பீங்க."

"ஆமா, அடிச்சிருப்பேன். அப்புறம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறு மாதம், ஒவ்வொரு நாளும், அப்பா அடிப்பது வரைக்கும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அடித்த பிறகு என்ன நடக்கும் என்று ஒரு தடவையும் நினைத்துப் பார்த்ததில்லை.

இதுதான் என் கதை. இனி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம்.

பொய்யைப் பற்றி நம்மவர்கள் யோசித்த அளவுக்கு யோசித்தவர்கள் குறைவு. வள்ளுவர் வாய்மை என்று ஓர் அதிகாரமே எழுதினார். அதில் முதலில், பிறருக்குத் தீங்கில்லாத சொல்லே வாய்மை என்கிறார். அடுத்து, குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மைக்குச் சமமாகும் என்று ஒரு சலுகையும் கொடுக்கிறார். எத்தனையோ பேர் அந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருக்கிறார்கள். நானும் ஆறு மாதம் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மனக்கஷ்டம் வரக் கூடாது என்பதற்காகத்தானே மறைக்கிறேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஜெர்மனியில் காண்ட் என்ற ஞானி இந்தச் சலுகையைக்கூடக் கொடுக்கவில்லை. 1797-இல் எழுதிய ஒரு கட்டுரையில், உன் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பனைக் கொல்ல வந்தவன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் சொல்ல உனக்கு உரிமையில்லை என்று வாதாடினார். எனக்கு அது பிடிக்கவில்லை. கொலைகாரனிடம் உண்மை பேசும் புண்ணியம் எனக்கு வேண்டாம். வள்ளுவர் மனிதர்களோடு வாழ்ந்தவர் என்று தோன்றுகிறது. ஆனால் அவர் கொடுத்த சலுகையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. நன்மை மட்டும் போதாது; அது குற்றமற்ற நன்மையாக இருக்க வேண்டும். அதோடு, அடுத்த குறளிலேயே தன் நெஞ்சு அறிந்த ஒன்றில் பொய் சொன்னால் அந்த நெஞ்சே சுடும் என்று எச்சரிக்கிறார். சலுகைக்கு உடனே அருகில் எச்சரிக்கையை வைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

என் பொய்யை அந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறேன். நன்மை யாருக்கு வந்தது? அப்பாவுக்கா? அவர் இல்லாத ஒரு பட்டதாரிக்காக ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கா? கம்மல் போயிற்று. நன்மை வந்தது எனக்கு. அதுவும் அன்றன்றைக்கு ஒரு நாள் தள்ளிப்போகும் நன்மை. இதற்கு மேலும் ஒரு குற்றம் இருக்கிறது. அதை அப்பாவின் 'அப்புறம்?' என்ற ஒரு சொல்தான் எனக்குக் காட்டிக் கொடுத்தது. அவர் உண்மையைத் தாங்கமாட்டார் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். மூட்டை சுமந்து, சங்குக்கு எழுந்து, நெருக்கடி நிறைந்த இந்த ஊரில் ஒரு குடும்பத்தைத் தாங்கியவருக்கு, மகன் ஏழு பாடத்தில் தோற்றான் என்பதைத் தாங்கத் தெம்பில்லை என்று முடிவு செய்தேன். அன்பினால் சொல்லும் பொய் என்கிறோம். அந்த அன்புக்குள் எதிராளியைப் பற்றிய ஒரு தாழ்ந்த அபிப்பிராயம் ஒளிந்திருக்கிறது. அவரை ஓர் அளவு குறைத்துவிட்டுத்தான் அவரிடம் பொய் சொல்ல முடிகிறது.

இங்கே என்னை மடக்க ஒரு கேள்வி உண்டு. நண்பர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். "அந்த ஆறு மாதம் கன்னிமாராவில் படித்ததால்தானே நீ எழுத்தாளன் ஆனாய்? பொய் நன்மையாகத்தானே முடிந்தது?" என்பார்கள். பத்திரிகைக்காரர்கள் இந்தக் கதையை மிகவும் விரும்புவார்கள். படிப்பில் தோற்றவன் பெரிய ஆளானான் என்றால் எல்லாருக்கும் ஒரு குஷி. அதற்குத் துணையாக உடனே ஒரு பெயரையும் இழுப்பார்கள். கணித மேதை ராமானுஜனின் பெயர்.

எங்கள் வட்டாரத்துக்கு அந்தப் பெயர் அந்நியமல்ல. ராமானுஜன் குமாஸ்தாவாக வேலை பார்த்தது எங்கள் சென்னைத் துறைமுகத்தில்தான். 1912-ஆம் வருஷம் மார்ச் மாதம், முப்பது ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார். ராயபுரத்தில் அவர் பெயரால் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது; முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி. கே. ஸ்ரீனிவாசன் 1993-இல் அமைத்தது. நம் பிள்ளைகள் ஒரு தரம் போய்ப் பார்க்கலாம். ஆனால் தோல்வியைக் கொண்டாடுவதற்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமல்ல. நடந்ததை வரிசையாகப் பார்த்தால் தெரியும்.

ராமானுஜன் 1904-இல் உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசு கல்லூரியில் எஃப். ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களை விட்டார், ஆங்கிலத்தில் தோற்றார், உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிவிட்டார். பெற்றவர்கள் தேடி அலைந்தார்கள். அப்போது அவருக்குப் பதினேழு வயது. அடுத்த வருஷம் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1907-இல் மறுபடியும் எஃப். ஏ.யில் தோற்றார். உலகத்திலேயே எண்களோடு அத்தனை நெருங்கிப் பழகிய ஒருவர், நம் ஊரில் இரண்டு கல்லூரிகளில் தேறவில்லை.

இதுவரைதான் எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதற்குப் பிறகு நடந்தது. 1905-இல் ஓடிய அதே மனிதர் 1910-இல் தம் நோட்டுப் புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுகளைத் தட்டப் புறப்பட்டார். திருக்கோவலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். 1907-இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். பிறகு நெல்லூரில் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவைப் பார்த்தார். தோற்றவன் என்ற பெயரோடுதான் போய் நின்றார். அவர்கள் நோட்டைத் திறந்து பார்த்தார்கள். ராமச்சந்திர ராவ் மாதம் இருபத்தைந்து ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்து ஆதரித்தார்.

அப்போதும் அவருக்கு உண்மை முழுவதையும் எழுத எளிதாக வரவில்லை. 1912 பிப்ரவரியில் துறைமுகத்துக்கு எழுதிய வேலை விண்ணப்பத்தில், எஃப். ஏ. வரை படித்ததாகவும், எதிர்பாராத சில சங்கடங்களால் படிப்பைத் தொடர முடியவில்லை என்றும் எழுதினார். தோற்றேன் என்று எழுதவில்லை. என் புத்தகத்தின் பின்னட்டையை நினைத்துக்கொண்டு அந்த விண்ணப்பத்தைப் படித்தபோது எனக்கு அவர்மேல் பாசம் பொங்கிற்று. ஆனால் மறு வருஷம் ஜனவரியில், இங்கிலாந்தில் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதையும் கடந்துவிட்டார். வருஷத்துக்கு இருபது பவுன் சம்பளத்தில் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன், எனக்குப் பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று தம்மைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் கணக்குகளை எழுதினார். கதவு திறந்தது அந்தக் கடிதத்துக்கு. 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவி கொடுத்தது. 1914 மார்ச்சில் அவர் கப்பலேறினார். 1918-இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். 1920-இல், முப்பத்திரண்டு வயதில், சென்னையில் காலமானார்.

அவர் இளம் வயதில் இறந்ததைத்தான் நாம் சோகம் என்கிறோம். ஹார்டி அப்படி நினைக்கவில்லை. பதினெட்டு வயது முதல் இருபத்தைந்து வயது வரையிலான அருமையான வருஷங்கள் வழிகாட்ட ஆளில்லாமல் வீணானதே உண்மையான சோகம் என்று எழுதினார். அவரைவிட ராமானுஜனை மதித்தவர் யார்? அவரே சொல்கிறார், அந்தத் தோல்வி நல்லதற்கல்ல என்று. என்னுடைய ஆறு மாதத்தையும் நான் அப்படித்தான் கணக்கிடுகிறேன். கன்னிமாரா என்னை எழுத்தாளனாக்கியது என்றால், பட்டம் வாங்கிக்கொண்டே கன்னிமாராவுக்கும் போயிருக்கலாம். 1896 முதல் அந்த நூலகம் திறந்துதான் இருக்கிறது. பொய் சொன்னவர்களைத்தான் உள்ளே விடுவோம் என்று அங்கே ஒரு பலகையும் இல்லை.

சரி, உண்மை சொன்னால் படிப்பே நின்றுவிடும் வீட்டில் என்ன செய்வது? அந்தப் பெண் கேட்டது அதைத்தான். நான் ஆண்பிள்ளை. எனக்கு மிஞ்சிப் போனால் ஓர் அடி. அவளுக்குத் தை மாதம் ஒரு மாப்பிள்ளை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். கேட்பவர் தண்டிப்பதற்காகவே கேட்கும் வீட்டில், "உண்மை பேசு" என்று பிள்ளைக்கு மட்டும் உபதேசம் செய்வது சுலபமான தர்மம்; எனக்கு அதில் சம்மதமில்லை. வாய்மை என்பது சொல்பவர் மட்டும் செய்யும் காரியமல்ல. அதற்குக் கேட்கிற காது ஒன்று வேண்டும். அந்தக் காதைத் தயார் செய்து வைப்பது பெற்றவர்களின் கடமை.

இருந்தாலும் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். தள்ளிப் போடுவது வேறு, புதைத்துவிடுவது வேறு. "இந்தப் பாடத்தில் தோற்றேன். அடுத்த பரீட்சையில் எழுதித் தேறிவிட்டு வீட்டில் சொல்வேன்" என்று ஒரு கெடு வைத்துக்கொண்டு மௌனமாக இருக்கும் பெண்ணை நான் பொய்க்காரி என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கெடுவை இன்னொரு மனிதரிடமாவது சொல்லி வைக்க வேண்டும். ஓர் ஆசிரியை, ஒரு தோழி, ஓர் அத்தை, தெருவில் கதை எழுதும் ஒரு மாமா, யாராவது. ஏனென்றால் யாருக்கும் தெரியாத கெடுவுக்குத் தேதி கிடையாது. நானும் ஜூலையில் 'அடுத்த வாரம் சொல்லிவிடலாம்' என்றுதான் ஆரம்பித்தேன்.

இதைவிட நல்ல வழி, தோல்விக்கு முன்பே உண்மையை ஆரம்பிப்பது. புரியாதபோது புரியவில்லை என்று சொல்வது. முதல் தலையாட்டலை நிறுத்தினால் கடைசிப் பொய்க்கு வேலை வராது. அதற்கு மாணவனாக இருக்கும்போது வெட்கம் ஏன் வர வேண்டும்? ராமானுஜன் தோற்ற அதே கும்பகோணம் கல்லூரியில் 1880-இல் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்தவர் உ. வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் எத்தனையோ அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் பாடம் கேட்டவர். அந்த வருஷம் அக்டோபரில் சேலம் ராமசாமி முதலியாரைப் பார்க்கப் போய், தாம் படித்த நூல்களின் பெயர்களை அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒருவருக்கு இல்லை என்று சொல்வது எத்தனை கஷ்டம்! அவர் இல்லை என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. சிந்தாமணியில் வரும் சமண விஷயங்கள் விளங்காதபோது, கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் மாணவனைப்போல் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அன்று அவர் தலையாட்டியிருந்தால் நமக்கு எத்தனை ஏடுகள் போயிருக்கும்!

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் இனிமேல் சொல்லப் போகும் நாலு வார்த்தை இவைதான். முதல் மாதத்திலேயே வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் போய், எனக்கு ஆங்கிலத்தில் சொல்வது தொடர்ந்து வரவில்லை என்று சொல்லுங்கள். பலர் நல்லவர்கள், காத்துக்கொண்டிருப்பவர்கள். பாடப் பொருளைத் தமிழில் உங்களுக்கே ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். தமிழில் சொல்ல வந்தது ஆங்கிலத்திலும் வரும். பாக்கி விழுந்த பாடத்தை அடுத்த பரீட்சையிலேயே எழுதிவிடுங்கள். வட்டியைப்போல அது ஏறும். சாப்பாட்டு டப்பாவைத் தனியாகத் திறக்காதீர்கள். இது பெரிய தத்துவமாகத் தோன்றாது. ஆனால் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தவன் எதையோ மறைக்க ஆரம்பித்திருக்கிறான் என்பது என் அனுபவம்.

அன்றைக்கு நண்பர் போன் பேசி முடித்துவிட்டு உள்ளே வந்தார். என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். நான் அந்தப் பெண்ணிடம் பேசுவதை விட்டுவிட்டு அவரிடம் என் கதையைச் சொன்னேன். பிள்ளைகளுக்கு எதிரில் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. கம்மல் விஷயத்தைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறிற்று. அவர் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கேட்டேன்:

"உங்க பொண்ணு ஒரு பாடத்துல ஃபெயிலாயிட்டேன்னு வந்து சொன்னா என்ன செய்வீங்க?"

"தோல உரிச்சிடுவேன்" என்றார், உடனே.

"அப்புறம்?"

அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார். "என்னாண்ணே இது, அப்புறம் இன்னா பண்ணுவாங்க? மறுபடியும் எழுதச் சொல்லணும். கடல்ல ஒரு நாளு மீனு படலன்னா படகையா வித்துடுவாங்க?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதை நம்பினாளோ இல்லையோ, காதில் வாங்கிக்கொண்டாள் என்று மட்டும் தெரிந்தது.

ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் அவளைப் பார்த்தேன். தோளில் பை, கையில் காலி டப்பா. கல்லூரியில் வைத்த முதல் தேர்வில் ஒரு பாடத்தில் ஐம்பதுக்குப் பன்னிரண்டு மார்க்குத்தானாம். வீட்டில் சொல்லிவிட்டாளாம்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"ரெண்டு நாள் பேசல, மாமா. மூணாம் நாள் ராத்திரி சாப்பிடறப்ப, அது இன்னா பாடம், அதுல இன்னா வருதுன்னு கேட்டாரு. தெரிஞ்ச வரைக்கும் சொன்னேன். ஒண்ணும் புரியலன்னாரு. எனக்குந்தான் புரியலன்னு சொன்னேன். சிரிச்சிட்டாரு."

கல்யாணப் பேச்சு எழுந்ததா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அது இனிமேல் எழாது என்று நான் உறுதி சொல்ல முடியாது. உண்மை சொன்னவர்களுக்கெல்லாம் நல்லதே நடக்கும் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். ஆனால் அன்று இரவு அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே விஷயம் தெரிந்தவர்களாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் ஆறு மாதம் அது நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் நாவலின் அடுத்த பதிப்பில் பின்னட்டையை ஒரு வரி திருத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். 'கல்லூரியில் பயின்றவர்' என்பதற்குப் பதிலாக, 'கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துத் தேறாதவர்' என்று போடச் சொல்லியிருக்கிறேன். விற்பனை பாதிக்கும் என்று அவர் சொன்னாலும் சொல்வார். சொல்லட்டும். அப்புறம்?